கண்களோடு ஓர் உடன்படிக்கை



இரவுச் செபமாலை முடிந்துவிட்டது. பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். அடுக்களை வேலைகளை ஒதுக்கிவிட்டு, நாள் முழுவதும் உழைத்த களைப்போடு மனைவி படுக்கைக்குச் செல்கின்றாள். "நீர் போய்ப் படும், எனக்குக் கொஞ்ச வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கணவன் விறாந்தையிலே அமர்ந்திருக்கின்றான். சுவரில் திரு இருதய ஆண்டவரின் படம். அதன் முன்னே சிறியதொரு விளக்கு. ஆனால் அவனுடைய முகத்தில் விழுவது கையிலுள்ள தொலைபேசியின் ஒளி. உள்ளே கதவு அசையும் ஓசை கேட்டதும் அந்த ஒளி சட்டென அணைந்துவிடுகின்றது.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதையல்ல. எனினும் இதனை வாசிக்கும்போது சிலருடைய நெஞ்சம் தங்களையறியாமலே படபடக்கக்கூடும். அவன் எதனைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுவோம். இணையத்தின் வழியே இன்று நமது வீடுகளுக்குள் தடையின்றி வந்து சேரும் ஆபாசக் காணொளிகளையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடும்பமாக வாசிக்கும் ஆன்மிகப் பக்கத்தில் இதனை எழுதலாமா எனச் சிலர் கேட்கலாம். நியாயமான தயக்கம்தான். ஆயினும் இந்தத் தீமை வளர்வதே நமது மௌனத்தில்தான். முன்னொரு காலத்தில் இத்தகைய படமொன்றைப் பெற வேண்டுமாயின், ஒருவன் கடைக்குப் போக வேண்டும்; கடைக்காரனின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்; யாராவது கண்டுவிடுவார்களோ என்று அஞ்சியபடி அதனை மறைத்து எடுத்துவர வேண்டும். அந்த வெட்கமே ஒரு வேலியாக நின்றது. இன்று அந்த வேலி இல்லை. கேட்பாரில்லை, காண்பாரில்லை, காசும் இல்லை. 2020ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, பல வீடுகளில் பிள்ளைகளின் கைகளிலும் தொலைபேசி வந்து சேர்ந்தது. பிற்பாடு பாடசாலைகள் திறக்கப்பட்டன. தொலைபேசியோ திரும்பிப் போகவில்லை.

எனவே, இல்லற வாழ்வை உள்ளிருந்தே அரிக்கும் இந்தக் கறையானைப் பற்றி, குற்றஞ்சாட்டும் விரலோடு அன்றி, குணப்படுத்த விரும்பும் மனத்தோடு இன்று உங்களோடு பேச விரும்புகின்றோம்.

திருச்சபை உடலை வெறுக்கின்றதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். ஆபாசத்தைத் திருச்சபை கண்டிப்பது, உடலையும் தாம்பத்திய உறவையும் அழுக்கானவையென அது கருதுவதால்தான் என்று பலர் நினைக்கின்றார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்த இறைவன், தாம் படைத்ததை மிகவும் நன்றெனக் கண்டார் எனத் தொடக்க நூல் சாற்றுகின்றது. இளமையில் மணந்த மனைவியிலே மகிழ்ச்சி கொள்ளுமாறு நீதிமொழிகள் நூலின் ஐந்தாம் அதிகாரம் கணவனுக்கு அறிவுரை கூறுகின்றது. காதலர் இருவரின் அன்பைப் பாடும் இனிமைமிகு பாடல் நமது விவிலியத்திலேயே இடம்பெற்றுள்ளது. திருமணத்தை ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றாகப் போற்றும் திருச்சபை, கணவன் மனைவியின் உடலுறவையும் அந்த அருட்சாதனத்தின் பகுதியாகவே காண்கின்றது.

பெறுமதி குறைந்த பொருளை நாம் முற்றத்தில் போட்டுவைக்கின்றோம். பொன் நகையையோ பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டுகின்றோம். தாம்பத்திய உறவு திரைமறைவில் இருப்பது அது வெட்கக்கேடானது என்பதற்காக அல்ல. அது புனிதமானது என்பதற்காகவே. 1992ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தனது 2354ஆம் பத்தியில் ஆபாசத்தைப் பற்றிக் கூறுவதும் இதுவேயாகும். இருவருக்கு மட்டுமே உரிய அந்தரங்கத்திலிருந்து அந்த உறவைப் பிரித்தெடுத்து, மூன்றாம் ஆளின் பார்வைக்கு விருந்தாக்குவதே ஆபாசம். அதில் நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் ஆகிய அனைவரின் மாண்பையும் அது காயப்படுத்துகின்றது. பார்ப்பவரை மெய்யல்லாத கற்பனை உலகொன்றில் அமிழ்த்திவிடுகின்றது. ஆகவே அது கனதியான பாவம் என்பதே திருச்சபையின் தெளிவான போதனை.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1979 முதல் 1984 வரை தமது புதன்கிழமைப் பொதுச் சந்திப்புகளில், மனித உடலின் இறையியல் குறித்துத் தொடர்ச்சியாக உரையாற்றினார். அவற்றுள் 1980 ஒக்டோபர் 8ஆம் திகதி அவர் ஆற்றிய உரை உலகெங்கும் சலசலப்பை ஏற்படுத்தியது. ஒரு பெண்ணை இச்சையோடு நோக்கும் எவனும் தன் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்தாயிற்று என்ற ஆண்டவர் இயேசுவின் போதனையை விளக்கிய பாப்பரசர், ஒருவன் தன் சொந்த மனைவியைக்கூட அவ்வாறு நோக்கக்கூடும் என்றார். கட்டிய மனைவியைப் பார்ப்பதும் பாவமா எனக் கேட்டுப் பலர் நகைத்தார்கள். பாப்பரசர் கூறியதோ ஆழமான உண்மை. மனைவியை ஓர் ஆளாகக் காணாமல், தன் வேட்கையைத் தணிக்கும் வெறும் பொருளாக மட்டும் ஒருவன் காண்பானாயின், அங்கே அன்பு இல்லை, பயன்பாடே இருக்கின்றது. திரையிலுள்ள ஆபாசம் ஒரு கணவனுக்கு இரவுதோறும் கற்றுக்கொடுப்பது இந்தப் பார்வையைத்தான். அந்நியப் பெண்ணைப் பார்க்கப் பழகிய அதே கண்களோடுதான் அவன் தன் மனைவியின் அருகே வருகின்றான்.

சூசன்னாவின் தோட்டம்

தானியேல் நூலோடு இணைந்த சூசன்னாவின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். பாபிலோனில் வாழ்ந்த யோவாக்கிம் என்பவரின் மனைவி சூசன்னா இறையச்சம் உள்ளவர். நீதி வழங்கும் முதியோர் இருவர் அந்த வீட்டுக்கு வந்துபோவார்கள். நண்பகலில் மக்கள் கலைந்து சென்ற பின் சூசன்னா தோட்டத்தில் உலாவுவதை அவர்கள் நாள்தோறும் கண்டு, அவர்மீது தீய ஆசை கொண்டார்கள். விண்ணகத்தை நோக்காதவாறு தங்கள் கண்களைத் திருப்பிக்கொண்டார்கள் என்று அந்நூல் கூறுகின்றது.

அன்பார்ந்த வாசகர்களே, இந்த வரலாற்றை இன்றைய கண்களோடு மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அந்த இருவரும் ஊரறிந்த கயவர்கள் அல்லர். மதிப்புக்குரியவர்கள், பிறருக்குத் தீர்ப்பு வழங்குபவர்கள். ஆகவே, "நான் கோவிலுக்குப் போகிறவன், எனக்கு இது நேராது" என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது. அவர்களுடைய வீழ்ச்சி ஒரு நாளில் நிகழவில்லை. நாள்தோறும் ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வையை அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்தார்கள். உணவு வேளையாயிற்று, வீட்டுக்குப் போவோம் என்று சொல்லிப் பிரிந்து சென்ற இருவரும், மற்றவர் அறியாமல் அதே இடத்துக்குத் திரும்பி வந்து ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். பார்வை பொய்யைப் பெற்றெடுத்தது. பின்னர் குளிக்க வந்த சூசன்னாவை அவர்கள் மறைந்திருந்து பார்த்தார்கள், வற்புறுத்தினார்கள், அவர் இணங்காதபோது, அவர்மீதே விபசாரப் பழி சுமத்தி அவரைச் சாவுக்குக் கையளிக்கவும் துணிந்தார்கள். பார்வையிலே தொடங்கியது ஒரு பெண்ணின் உயிரிலே வந்து நின்றது. இளைஞரான தானியேல் வழியாக இறைவன் தலையிட்டிராவிட்டால், குற்றமற்ற அப்பெண் கல்லெறியுண்டு மாண்டிருப்பார்.

"நான் பார்க்கத்தானே செய்கிறேன், யாருக்கு என்ன தீங்கு?" என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறு பதில் தருகின்றது. திரையில் தோன்றும் பெண்ணும் ஒரு தாயின் மகள். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு. அவள் விரும்பி அங்கே நிற்கின்றாளா, வறுமை அவளை அங்கே தள்ளியதா, கடத்தி வரப்பட்டவளா, நம்பிக்கைக்குரிய ஒருவன் அவள் அறியாமல் எடுத்த காட்சியா, அவள் வயதுக்கு வந்தவள்தானா என்பவற்றுள் எதனையும் பார்ப்பவர் அறிய வழியில்லை. 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், உலகின் மிகப் பெரிய ஆபாசத் தளங்களுள் ஒன்று பத்திரிகையொன்றின் கட்டுரையால் அம்பலப்பட்டது. சிறுவர் துன்புறுத்தப்படும் காட்சிகளும் சம்மதமின்றி வெளியிடப்பட்ட காட்சிகளும் அதில் கிடந்தமை அக்கட்டுரையால் வெளிவந்தது. கடனட்டை நிறுவனங்கள் தமது சேவையை நிறுத்தின. அதன் பின்னரே, பதிவேற்றியவர் யாரென உறுதிசெய்யப்படாத இலட்சக்கணக்கான காணொளிகளை அத்தளம் ஒரேயடியாக நீக்கியது. அவை நீக்கப்படுவதற்கு முன்பு எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருப்பார்கள்! அவர்களுள் எவரும் தாம் ஒரு குற்றத்துக்குச் சாட்சியாகவும் சந்தையாகவும் இருந்ததை எண்ணியிருக்கமாட்டார்கள். அந்த முதியோர் மறைந்திருந்த தோட்டம் இன்று உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

ஒரே கூரையின் கீழ் ஒரு பிரிவு

இல்லறத்துக்கு இதனால் நேரும் கேடுகளுள் முதலாவது ஒப்பீடு. 1988ஆம் ஆண்டு டொல்ஃப் சில்மன், ஜெனிங்ஸ் பிரையன்ட் என்ற ஆய்வாளர் இருவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்களும் பெண்களும் அடங்கிய ஒரு குழுவினருக்கு ஆறு வாரங்கள், வாரத்துக்கு ஒரு மணிநேரம் இத்தகைய படங்கள் காட்டப்பட்டன. அவற்றில் வன்முறைக் காட்சிகள் இருக்கவில்லை. முடிவில் அவர்களை விசாரித்தபோது, அத்தகைய படங்களைப் பார்க்காத மற்றைய குழுவினரைவிட, தங்கள் துணையின் அன்பிலும் தோற்றத்திலும் அவர்கள் குறைவான நிறைவையே வெளியிட்டார்கள். ஆறு மணிநேரமே இவ்வாறு செய்யுமாயின், ஆண்டுக்கணக்கான இரவுகள் என்ன செய்யும்?

திரையில் தோன்றும் உடலுக்குக் களைப்பில்லை, காய்ச்சல் வருவதில்லை, பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தைப் பற்றிய கவலையில்லை. உங்கள் மனைவிக்கோ இவை எல்லாம் உண்டு. அவருடைய வயிற்றிலே உள்ள தழும்பு உங்கள் பிள்ளையைப் பெற்றெடுத்த தழும்பு. அவருடைய கைகளின் சொரசொரப்பு உங்கள் வீட்டை நடத்தியதால் வந்த சொரசொரப்பு. இவற்றை நன்றியோடு பார்க்க வேண்டிய கண்கள், பொய்யான ஒன்றோடு அவற்றை ஒப்பிட்டுக் குறைகாண்பது எத்துணை கொடுமை! திரையில் கண்டவற்றைத் தன்னிடம் நிறைவேற்றுமாறு கணவன் வற்புறுத்துவதால், எவரிடமும் சொல்ல முடியாமல் கண்ணீர் விடும் மனைவியரும் உள்ளார்கள். கணவனின் உடல்மீது மனைவிக்கும் மனைவியின் உடல்மீது கணவனுக்கும் உரிமையுண்டு எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, ஒருவர் மற்றவருக்குத் தம்மைக் கையளிப்பதைப் பற்றியதேயன்றி, பலவந்தத்துக்கு வழங்கப்பட்ட அனுமதி அன்று. கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் கணவர் மனைவியரை அன்புசெய்ய வேண்டும் என எபேசியருக்கு எழுதியவரும் அவரே.

இரண்டாவது கேடு, மறைத்தல். பார்த்ததைவிட மறைத்ததே மனைவியின் நெஞ்சில் ஆழமாகத் தைக்கின்றது. "இத்தனை வருடம் என்னோடு செபித்தவர், என்னோடு நற்கருணை வாங்கியவர், இதை மட்டும் என்னிடம் ஒளித்தாரே" என்ற எண்ணம் அவளைத் துளைக்கின்றது. "என்னிடம் என்ன குறை?" என்று அவள் தன்னையே நோகின்றாள். மறைப்பவனுடைய நிலையும் பரிதாபமானதே. எங்கே பிடிபடுவோமோ என்று அஞ்சுபவன் எரிச்சல் கொள்கின்றான். குற்றவுணர்வு உள்ளவன் மனைவியின் கண்களை நேராகப் பார்க்கத் தயங்குகின்றான். அன்புக்காக ஏங்கியவன் இறுதியில் முன்னிலும் தனிமைப்பட்டுப் போகின்றான்.

அமெரிக்காவில் 2006க்கும் 2014க்கும் இடையே திரட்டப்பட்ட தேசிய மட்டத் தரவுகளைச் சமூகவியலாளர்களான சாமுவேல் பெரியும் சைரஸ் ஷ்லைஃபரும் ஆராய்ந்தார்கள். மணமான பின், ஆய்வுக் காலத்தினிடையே ஆபாசத்தைப் பார்க்கத் தொடங்கியவர்களிடம், பின்னர் மணமுறிவு ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 6இலிருந்து 11ஆக, ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. பார்ப்பதை நிறுத்திய பெண்களிடம் அந்த வாய்ப்புக் குறைந்து காணப்பட்டது. இதைக்கொண்டு மணமுறிவுக்கு இதுவே ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே விரிசல் கண்ட உறவில் உள்ளவரும் இதனை நாடிப் போகலாம். எனினும், எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவது நன்மை பயக்காது என்பதை அறிய நமக்கு ஆய்வு தேவையில்லை. நம்மவர் மத்தியில் நீதிமன்றம் வரை செல்பவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில் உணவருந்திக்கொண்டு, உள்ளத்தால் மணமுறிவு பெற்றவர்களாய் வாழும் தம்பதியரை எந்தப் பதிவேடு கணக்கெடுக்கும்?

நமது சூழலுக்கேயுரிய வேதனை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகக் கணவன் வளைகுடா நாடொன்றின் தொழிலாளர் விடுதியிலும், மனைவி ஊரிலுமாக ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. சில வீடுகளில் மனைவியே பணிப்பெண்ணாகக் கடல் கடந்திருக்கின்றாள். தனிமையின் இரவுகள் நீளமானவை. வீட்டாரோடு பேசுவதற்கு உதவும் அதே தொலைபேசிதான் அந்த இரவுகளில் சோதனையையும் கொண்டுவருகின்றது. இது ஆண்களுக்கு மட்டும் உரிய சோதனையும் அன்று. இதனாலே மௌனமாக வருந்தும் பெண்களும் உள்ளார்கள். அவர்களையும் இரக்கத்தோடு நோக்க வேண்டும்.

நல்லவரும் எவ்வாறு வீழ்கின்றார்?

புனித அகுஸ்தீன் தமது வாழ்வை விவரிக்கும் நூலில், தம் நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறுகின்றார். உரோமையில் சட்டம் பயின்ற அலிப்பியுஸ், மனிதர் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கும் அரங்கக் காட்சிகளை அடியோடு வெறுத்தவர். ஒருநாள் தோழர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றார்கள். உடலால் அங்கே இருந்தாலும் உள்ளத்தால் இருக்கமாட்டேன் என்ற உறுதியோடு அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திடீரென மக்களின் பேராரவாரம் எழுந்தது. என்னவென்று அறியும் ஆவலில் அவர் கண்களைத் திறந்தார். அவ்வளவுதான். களத்தில் வீழ்ந்தவனின் உடலில் பட்ட காயத்தைவிடக் கொடிய காயம் இவரது ஆன்மாவிலே பட்டது என்று அகுஸ்தீன் எழுதுகின்றார். அதன் பின் அவர் தாமாகவே அங்கு செல்லத் தொடங்கினார். பிறரையும் அழைத்துச் சென்றார்.

இன்று அந்த ஆரவாரம், வேறெதையோ தேடும்போது திரையின் ஓரத்தில் தோன்றும் ஒரு படமாக வருகின்றது; நண்பர் குழுவொன்றில் யாரோ அனுப்பிவிடும் காணொளியாக வருகின்றது. தன் மனவுறுதியை மட்டும் நம்பியவர் அன்று வீழ்ந்தார், இன்றும் வீழ்வார். ஆனால் அலிப்பியுசின் கதை அங்கே முடியவில்லை. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் மிலான் நகரில் அகுஸ்தீனோடு சேர்ந்து அவரும் திருமுழுக்குப் பெற்றார். பின்னாளில் ஆயராகவும் திகழ்ந்தார். வீழ்ந்த கண்களையும் இறைவன் எழுப்ப வல்லவர்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்களின் பட்டியலில், கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பார்ப்பவர் எல்லோரும் நோயாளர் என்பது இதன் பொருளல்ல. இதனைப் போதை என அழைக்கலாமா என்பதில் மருத்துவ அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்தில்லை. ஆனால் விட்டுவிட வேண்டும் என்று மீண்டும் மீண்டும் முயன்றும் ஒருவரால் இயலவில்லையெனில், வேலையும் உறக்கமும் உறவுகளும் குலைகின்றனவெனில், மருத்துவரையோ பயிற்சி பெற்ற உளவள ஆலோசகரையோ நாடுவது விசுவாசக் குறைவு அன்று. ஊறிப்போன பழக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதை மறைக்கல்வி நூலும் ஏற்றுக்கொள்கின்றது.

சீன நாட்டின் மறைசாட்சியான புனித மாற்கு ஜி தியான்சியாங், தமது வயிற்று நோய்க்கு மருந்தாக அபினை உட்கொள்ளத் தொடங்கி அதற்கு அடிமையானவர். திரும்பத் திரும்ப ஒரே பாவத்தை அறிக்கையிட்டமையால் அவருக்குப் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அருட்சாதனங்களைப் பெற முடியாதிருந்தும் அவர் திருச்சபையை விட்டு அகலவில்லை. 1900ஆம் ஆண்டு கலகத்தின்போது தம் குடும்பத்தாரோடு சேர்ந்து விசுவாசத்துக்காக உயிர்நீத்தார். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார். போராடிக்கொண்டே இருப்பவரை இறைவன் கைவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என்ன செய்வது?

கணவராகிய சகோதரரே, இந்த வலையில் நீங்கள் சிக்கியிருந்தால், முதலில் அதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தை நாடுங்கள். மீண்டும் வீழ்ந்தால் மீண்டும் நாடுங்கள். நம்பிக்கைக்குரிய அருட்தந்தை ஒருவரின் வழிகாட்டலோடு, தகுந்த வேளை பார்த்து, உங்கள் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் உங்களைப் பிடிப்பதற்கு முன் நீங்களே சொல்வது, முறிந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்பும் முதற்கல்லாக அமையும். பாவத்துக்கு ஏதுவாகும் கண்ணைப் பிடுங்கி எறிந்துவிடுமாறு ஆண்டவர் கூறியது, பாவச் சந்தர்ப்பத்தைச் சமரசமின்றி அறுத்தெறிய வேண்டும் என்பதற்காகவே. தொலைபேசி இரவில் படுக்கையறைக்குள் வரக்கூடாது. எல்லோரும் காணும் இடத்தில் அது உறங்கட்டும். அதன் கடவுச்சொல் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். களைப்பு, சண்டை, தனிமை ஆகிய மூன்றும் உங்களுக்கு ஆபத்தான வேளைகள் என்பதை அறிந்து வைத்திருங்கள்.

மனைவியாகிய சகோதரியே, இது உங்கள் குறையினால் வந்ததல்ல. உங்கள் கோபமும் கண்ணீரும் நியாயமானவை. அதனை ஊரெல்லாம் பறைசாற்றவும் வேண்டாம். தனியே விழுங்கி நோய்ப்படவும் வேண்டாம். நல்லதோர் அருட்சகோதரியிடமோ, பங்குத்தந்தையிடமோ, ஆலோசகரிடமோ மனந்திறந்து பேசுங்கள். மன்னிப்பது என்றால் எதுவுமே நடக்காததுபோல் இருந்துவிடுவது அன்று. மாற்றத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வன்முறையோ பலவந்தமோ இருக்குமாயின், உங்களதும் பிள்ளைகளதும் பாதுகாப்பே முதன்மையானது.

பெற்றோரே, உங்கள் பிள்ளையோடு திரை பேசுவதற்கு முன் நீங்கள் பேசுங்கள். உடலைப் பற்றியும் அன்பைப் பற்றியும் பிள்ளை முதலில் கேட்கும் குரல் தாய் தந்தையரின் குரலாக இருக்கட்டும். பிள்ளை எதையேனும் பார்த்துவிட்டதை அறிந்தால் அடிக்காதீர்கள். அடிபட்ட பிள்ளை அடுத்த முறை இன்னும் திறமையாக மறைக்கவே கற்றுக்கொள்ளும். எவரேனும் பிள்ளையிடம் தகாத படங்களைக் கேட்டாலோ அனுப்பினாலோ, அது பிள்ளையின் தவறன்று, பாரிய குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான சட்டம் நமது நாட்டில் 1927ஆம் ஆண்டு முதலே உண்டு. ஆனால் எந்தச் சட்டமும் நமது விறாந்தையில் வந்து காவல் நிற்க முடியாது. அந்தக் காவலை நாமே ஏற்க வேண்டும்.

பங்குச் சமூகங்களுக்கும் கடமையுண்டு. திருமண ஆயத்த வகுப்புகளில் இதனை வெளிப்படையாகப் பேச வேண்டும். 2025ஆம் ஆண்டு இறையடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2022 ஒக்டோபரில் உரோமையிலுள்ள குருமாணவரையும் குருக்களையும் சந்தித்தபோது, இந்தத் தீய பழக்கம் பொதுநிலையினரிடம் மட்டுமன்றிக் குருக்களிடமும் துறவியரிடமும் இருப்பதை ஒளிக்காமல் எடுத்துரைத்து, அதனை விலக்குமாறு எச்சரித்தார். அந்த நேர்மையே நமக்கு மாதிரி. எவரும் எவர்மீதும் கல்லெறியும் நிலையில் இல்லை. நாம் அனைவருமே குணம்பெற வேண்டியவர்கள்.

விளக்கின் முன்னே

தோபித்து நூலில் ஓர் அழகான காட்சி உண்டு. ஏழு கணவரை முதலிரவிலேயே இழந்து, பழிச்சொல்லுக்கு ஆளான சாராவைத் தோபியா மணம் முடிக்கின்றார். அச்சம் சூழ்ந்த அந்த இரவிலே, மணவறைக் கதவு மூடப்பட்ட பின், தோபியா தம் மனைவியை எழச் செய்து, இருவரும் சேர்ந்து இறைவனிடம் இரக்கம் வேண்டுகின்றார்கள். தாம் இச்சையினால் அன்றி நேர்மையான உள்ளத்தோடே சாராவை ஏற்றுக்கொள்வதாகவும், இருவரும் இணைந்து முதுமை அடைய அருள்புரியுமாறும் தோபியா மன்றாடுகின்றார். அந்த இரவு சாவில் முடியவில்லை, வாழ்வில் விடிந்தது. அந்த முதியோர் இருவரின் கண்கள் விண்ணகத்திலிருந்து திரும்பிக்கொண்டன. இந்த இளம் தம்பதியரின் கண்களோ விண்ணகத்தை நோக்கின. மூடிய கதவுக்குள் எதனை நோக்குகின்றோம் என்பதிலேதான் இல்லறத்தின் வாழ்வும் சாவும் தங்கியிருக்கின்றன.

நீதிமானான யோபு தம் கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்டதாகக் கூறுகின்றார். திருமண நாளன்று பீடத்தின் முன்னே நாம் செய்துகொண்ட உடன்படிக்கையில் நமது கண்களும் அடங்கியிருந்தன என்பதை நினைவுகூர்வோம். இன்றிரவு செபமாலை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின், திரு இருதய ஆண்டவரின் படத்தின் முன்னே அந்தத் தொலைபேசியை அணைத்து வைத்துவிடுங்கள். உங்கள் துணையின் அருகே அமருங்கள். அன்றைய நாளின் ஒரு சிறு காரியத்தையாவது கேளுங்கள். பின்பு இருவருமாக, ஒரேயொரு நிமிடம் இவ்வாறு செபியுங்கள்:

"ஆண்டவரே, நீர் எங்களை ஒருவருக்கொருவர் கொடையாகத் தந்தீர். நாங்கள் மறைத்தவற்றை நீர் அறிவீர். எங்கள் கண்களைக் கழுவியருளும். நீர் எங்களைப் பார்ப்பதுபோல் நாங்களும் ஒருவரையொருவர் பார்க்கக் கற்றுத்தாரும். ஆமென்."